ஒரு கட்டுப் புல்

2014ஆம் ஆண்டு யூலை மாதம். அவ்வாண்டு வடபகுதியைக் கடும் வரட்சி வாட்டியது. கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடு வாய்க்காலின் கடைசிக் கிளைகூட எட்டாத ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தின் பாடசாலையில் நாம் அப்போது கற்பித்துக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் நாள் தவறாது பிந்தி வருவான். முதலாம் பாடம் முடியுந் தறுவாயில் வகுப்பு வாசலில் வந்து நிற்பான். காற்சட்டையின் ஓரமெங்கும் ஒட்டுப்புல்லின் விதைகள்; உள்ளங்கையிற் பச்சைக் கறை; ஆட்காட்டி விரலில் ஒரு பழந்துணிக் கட்டு. “ஏன் பிந்தினாய்?” என்று கேட்டால் பதில் வராது. தலை குனிந்து நிற்பான். நாமும் ஆசிரியருக்குரிய கடமையைச் செய்தோம். அதாவது, அவனை வெளியே நிறுத்தினோம். வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையாற் குறியிட்டோம். ஒழுங்கின் மேன்மை பற்றி ஏனைய மாணவருக்கு ஒரு சிறு பிரசங்கமும் நிகழ்த்தினோம்.

அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மூன்று வாரங்களின் பின்னரே எமக்கு எழுந்தது. ஏன் மூன்று வாரங்கள் சென்றன என்பதற்கு எம்மிடம் இன்றுவரை நல்ல விடை இல்லை.

வீட்டுத்திட்டத்திற் கட்டிய, இன்னும் பூசப்படாத சிறு கல்வீடு. அதன் பின்புறத்தே பூவரசங் கதியால்களை நட்டு ஓலையால் வேய்ந்த ஒரு மாட்டுக் கொட்டில். அதிலே மண்ணிறக் கலப்பினப் பசுவொன்று நின்றது. நல்ல சாதிப் பசு. உயரமும் நீளமும் வாய்ந்த உடம்பு. ஆனால் அதன் விலா எலும்புகளைப் படலையடியில் நின்றே எண்ணலாம். எம்மைக் கண்டதும் மாணவனின் தாய் பதறிப்போனார்.

“மாஸ்ரர், அவனை அடிக்காதேங்கோ. அவன் பிந்திறதுக்குக் காரணம் நான்தான். விடிய நாலரைக்கு எழும்பி ரெண்டுபேரும் புல்லுக்குப் போறனாங்கள். முந்தி உந்த வாய்க்கால் பக்கம் கிடந்தது. இப்ப அங்கையும் எல்லாம் கருகிப் போச்சு. மூண்டு கட்டை போகவேணும்.”

2009இல் முள்ளிவாய்க்காலிற் கணவனை இழந்தவர் அவர். மனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது அவரிடம் இருந்தவை இரண்டு பிள்ளைகளும் ஒரு பைக்குள் அடங்கிய சில கடதாசிகளுமே. ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது. வாழ்வாதார உதவி என்ற பெயரில் ஒரு நிறுவனம் அவருக்கு இப்பசுவை வழங்கியது. விலையில் ஒரு பாதி நன்கொடை, மறுபாதிக்கு நுண்கடன். வழங்கிய தினத்தன்று மேடை, மாலை, புகைப்படம் ஆகிய யாவும் முறைப்படி நடந்தேறின. பசுவுக்கும் மாலை போட்டார்கள். நாளுக்கு 8 லீற்றர் கறக்கும் என்று மேடையிற் கூறினார்கள். வந்த புதிதில் 6 லீற்றர் கறந்தது. நாம் போன அன்று 2 லீற்றர்.

“மாடு தந்தவை, மாஸ்ரர். புல்லு ஆர் தாறது?”

அவர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் விபரம் கேட்பது போலவே கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வேறு எத்தனை கேள்விகள் நிற்கின்றன என்பதைக் கண்டுகொள்ளவே எமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். கறவைப் பசுவொன்றுக்கு அதன் உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கு பச்சைத்தீனி நாள்தோறும் வேண்டும் என்பது கால்நடை வைத்தியர் கூறும் பொதுவிதி. 350 கிலோ நிறையுள்ள பசுவுக்கு 35 கிலோ புல் வேண்டும். சைக்கிளின் பின்னே ஒரு சிறுவன் கட்டிவரக்கூடிய கட்டோ 15 கிலோவைத் தாண்டாது. ஆகவே தாயும் மகனும் விடியற்காலையில் ஒரு முறையும் பாடசாலை விட்டபின் ஒரு முறையும் போகவேண்டும். ஆண்டுக் கணக்கில் இது ஏறக்குறைய 13 தொன்னாகும். நீர் உண்டானால் இந்தப் புல்லைக் கால் ஏக்கர்க் காணிக்குள்ளேயே விளைவித்துவிடலாம். ஆனால் அவர்களுடைய கிணறு அவ்வாண்டு ஆனி மாதமே வற்றிவிட்டது. பசு குடிக்க வேண்டிய தண்ணீரையே அயற்கிணற்றிலிருந்து குடத்திற் சுமந்துகொண்டிருந்தார்கள்.

பட்டினி கிடக்கும் பசு ஓர் ஒழுங்கு முறைப்படியே தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. முதலிற் பாலைக் குறைக்கும். அடுத்துப் பருவத்துக்கு வராது, ஆகவே சினைப்படாது. தன் உடம்பிலுள்ள கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிரைக் காத்துக்கொள்ளும். இறுதியிலேதான் விழும். இம்மூன்று படிகளுள் எதற்கும் நுண்கடன் காத்திருப்பதில்லை. வாரந்தோறும் கடன் வசூலிப்பவர் மோட்டார்ச் சைக்கிளில் வந்து நிற்பார். பால் குறைந்த வாரத்திலும் தவணை குறைவதில்லை.

இது ஒரு வீட்டின் கதையா? அல்ல. 2017ஆம் ஆண்டு அரசாங்கம் 20,000 உயர்சாதிக் கறவைப் பசுக்களை வெளிநாட்டிலிருந்து இறக்கும் திட்டத்தின் முதற்படியாக அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 பசுக்களைக் கப்பலேற்றி வந்தது. கடன்பட்டு அவற்றை வாங்கிய பண்ணையாளர் பலர், நோயுற்றும் மெலிந்தும் மடிந்த பசுக்களோடு தாமும் நொடித்துப்போயினர். அன்று கொழும்பில் நடந்ததும் எமது மாணவனின் வீட்டில் நடந்ததும் ஒரே பிழையின் பெரிய உருவமும் சிறிய உருவமுமேயாகும். பசு என்பது ஒரு பொருள், அதைக் கொடுத்துவிட்டால் பால் வரும் என்று நினைக்கிறார்கள். பசு என்பது புல்லைப் பாலாக்கும் ஓர் உயிர். புல்லோ நிலத்தையும் நீரையும் உழைப்பையும் கேட்கும். நிலமும் நீரும் யாருடைய கையில் இருக்கின்றன, உழைப்பு யாருடையது என்ற கேள்விகளைக் கேளாமற் பசுவை மட்டும் கொடுப்பவர், தாம் அறியாமலே ஏழைக்கு ஒரு கடன்காரனைக் கொடுக்கிறார்.

அப்படியானால் முன்னர் எம்மவர் மாடு வளர்க்கவில்லையா என்று வாசகர் கேட்கலாம். வளர்த்தார்கள். நன்றாகவே வளர்த்தார்கள்.

எமது சிறுபராயத்தில், 1960களில், வலிகாமத்து வீடொன்றில் தீனியென்று வாங்கியது புண்ணாக்கும் புல்லுமே. மற்றவை யாவும் வளவுக்குள்ளேயே கிடைத்தன. கொக்கத்தடியாற் பூவரசங்குழையும் முள்முருக்கங்குழையும் ஒடித்து ஆட்டுக்குக் கட்டுவோம். விழுந்த பலாவிலைகளைக் குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்திக் கோத்துவருவது சிறுவரின் வேலை. கோடையிற் பச்சைப் பனையோலையைச் சத்தகத்தாற் கிழித்து மாட்டுக்குப் போடுவார்கள். பனம்பழக் காலத்தில் மாட்டுக்கும் பழத்திற் பங்கு உண்டு. அரிசி கழுவிய நீரும் சோறு வடித்த கஞ்சியும் தவிடும் ஒரு வாளியில் ஊறும். சாணமும் தின்று கழித்த தண்டும் எருக்கும்பிக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும். தோட்டத்திலிருந்து மீண்டும் தீனி வரும். எதுவும் வீண்போவதில்லை. இன்று பல்கலைக்கழகங்களில் ‘நிலைபேறான விவசாயம்’ என்று கற்பிக்கப்படுவதை எமது பாட்டியார் அப்பெயர் அறியாமலே செய்துவந்தார்.

இதை எழுதும்போது பழமையைப் போற்றிப் பாடும் ஆசை எமக்கும் எழுகிறது. அந்த ஆசையை நாம் நம்பலாகாது. ஏனெனில் அந்த வட்டத்துக்குள்ளே நாம் இதுவரை சொல்லாத ஒருவர் இருந்தார்.

அவர் புல்லு விற்கும் பெண். வயல் வரம்புகளிலும் ஒழுங்கைகளிலும் குந்தியிருந்து உழவாரத்தாற் புல்லைச் செருக்கி, கட்டாகக் கட்டித் தலையிற் சுமந்துவருவார். செருக்கிய புல்லின் வேரில் மண் இருக்கும்; மண்ணோடு போட்டால் மாட்டுக்கு ஆகாது; ஆகவே கழுவவேண்டும். ஆனால் எமது கிணற்றைத் தொட அவருக்கு உரிமையில்லை. வீட்டிலிருந்து யாராவது வந்து துலாவால் அள்ளி ஊற்றும்வரை கிணற்றடிக்கு அப்பால் வெயிலில் நிற்பார். சில நாட்களில் அரைமணி நேரமும் நின்றதுண்டு. அவர் செருக்கிய புல்லை எமது பசு தின்றது; அப்பசுவின் பாலை நாம் குடித்தோம்; அவருக்குத் தேநீரைச் சிரட்டையிற் கொடுத்தோம். அவருக்கு மாடு இல்லை. மாடு கட்ட ஓர் அடி நிலமும் இல்லை. பாலும் எருவும் எமக்கு. நாரியும் முழங்காலும் அவருக்கு.

எனவே பழைய முறை மண்ணைக் காத்தது என்பது உண்மை. மனிதரை அது காக்கவில்லை என்பதும் உண்மை. இயற்கை விவசாயத்தின் பெருமையைப் பேசுவோர், அதன் புல்லை யார் செருக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும். இல்லாவிடில் மாணவர் அரைப் பாடத்தையே படிப்பார்கள்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் வேறொரு முறை நிலவியது. அங்கே மாடுகள் பட்டி பட்டியாக வளர்ந்தன. பெரும்போக நெல் வயலில் நிற்கும் மாதங்களிற் பட்டிகள் காட்டுவெளிகளுக்கும் தூரத்து மேய்ச்சல் தரைகளுக்கும் சாய்க்கப்படும். அரிவு வெட்டு முடிந்ததும் ஊர் திரும்பி, ஒட்டு நின்ற வயல்களில் மேய்ந்து, அங்கேயே எருவிடும். கோடையிற் குளம் வற்ற வற்ற அலைகரையில் முளைக்கும் புல் அவற்றுக்கு ஆதாரம். இந்த வெளிகளுக்கும் அலைகரைகளுக்கும் எவரும் உறுதி எழுதிவைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மேய்ந்ததே உரிமை.

உறுதி எழுதாத உரிமைதான் முதலிற் பறிபோகிறது. போரின் பின்னர் திரும்பிவந்த மக்கள் தம் பழைய மேய்ச்சல் வெளிகளிற் கண்ணிவெடிப் பலகைகளையும், படைமுகாம் முட்கம்பிகளையும், வனத்துறையினர் நட்ட எல்லைக்கற்களையும் கண்டனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளின் கதை யாவரும் அறிந்ததே. மகாவலி அபிவிருத்தித் திட்டத்துக்குட்பட்ட அந்நிலத்தில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்தோர் காடழித்துச் சோளம் பயிரிட்டனர். மாடுகள் வெட்டப்படுவதாகவும் சுடப்படுவதாகவும் பண்ணையாளர் முறையிட்டனர். பயனின்றி, 2023 செப்ரெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் வீதியோரத்திற் கொட்டகை போட்டுத் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். நூற்றுக்கணக்கான நாட்கள் அவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள்.

இதில் இனவாத அரசியல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தோடு நின்றுவிடுவோர் பிரச்சினையின் மறுபக்கத்தைக் காணமாட்டார்கள். இலங்கையில் விளையும் சோளத்திற் பெரும்பங்கு எங்கே போகிறது? கோழித்தீவனத்துக்கு. ஏழைப் பண்ணையாளனின் மாடு மேய்ந்த தரை, மற்றோர் ஏழையின் கைகொண்டு உழப்பட்டு, ஈற்றில் தீவன ஆலைகளின் களஞ்சியத்தை நிரப்புகிறது. சிங்கள ஏழையும் தமிழ் ஏழையும் ஒருவரையொருவர் பகைத்துநிற்க, இலாபம் இருவரையும் அறியாத ஓரிடத்திற் சேர்கிறது. அன்றியும், எமது பக்கத்திலும் கைகள் தூய்மையானவை அல்ல. குளத்து அலைகரையை ஆண்டுக்கு ஆண்டு அணைத்து வேலி போட்டு வயலாக்கிய செல்வாக்குள்ள கமக்காரர் எமது ஊர்களிலும் உளர். அவர்களுடைய வேலியும் அதே புல்லைத்தான் தின்றது.

மேய்ச்சல் தரை போனால் மிஞ்சுவது வைக்கோல். கிளிநொச்சி நெல் விளையும் மாவட்டம்; அங்கே மாடு பட்டினி கிடப்பானேன் என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

ஒன்று, வைக்கோல் முன்போல் இல்லை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பழைய நெல்லினங்கள் ஆளுயரம் வளர்ந்தன. கையால் அரிந்து, சூடு வைத்து, மாட்டால் மிதித்து எடுத்த வைக்கோல் நீளமாக, மென்மையாக, போராகக் குவிந்தது. குட்டையான புதிய இனங்கள் நெல்லைக் கூட்டி வைக்கோலைக் குறைத்தன. போருக்குப் பின்னர் பெருகிய அறுவடை இயந்திரங்களோ வைக்கோலை வயலெங்கும் சிதறிவிட்டுப் போகின்றன. அதைக் கூட்டியள்ளக் கூலி கட்டாது. ஆகவே அடுத்த போகத்துக்கு நிலத்தைத் துப்புரவாக்கும் அவசரத்திற் பலர் நெருப்பு வைக்கிறார்கள். ஒரு பக்கம் வைக்கோல் எரிகிறது. இரண்டு மைல் தள்ளி ஒரு பசு மெலிகிறது. இடையில் இருப்பது ஒரு வண்டியும் நான்கு பேரின் கூட்டு முயற்சியுந்தான்.

மற்றது, வைக்கோல் வயிற்றை நிரப்பும், பசியைத் தீர்க்காது. பசுவின் முதல் இரைப்பை ஒரு நொதிக்கும் பானை. அதிலே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே நாரை உடைத்துப் பசுவுக்கு உணவாக்குகின்றன. அந்நுண்ணுயிர்கள் பெருக நைதரசன் வேண்டும். தீனியின் உலர்நிறையில் நூற்றுக்கு 7 பங்கேனும் புரதம் இருந்தாலன்றி அவை செவ்வனே தொழிற்படா. நெல் வைக்கோலில் இருப்பது ஏறத்தாழ 4 பங்கு. ஆகவே வயிறு புடைக்க வைக்கோல் தின்ற பசுவும் பட்டினியாலே மெலியலாம். இதற்கு எளிய பரிகாரம் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முழுமையாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது பொலித்தீனால் மூடி, மூன்று வாரம் வைத்தெடுத்தால் நார் இளகும். புரத அளவும் ஏறத்தாழ இருமடங்காகும். யூரியாவைக் கரைக்காது கொடுத்தால் அதுவே நஞ்சாகும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துக் கூறவேண்டும். 1980களிலேயே இந்நாட்டில் ஆராயப்பட்ட முறை இது. எமது மாணவனின் தாய் 2014வரை இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. பசுவைக் கொடுத்த மேடையில் இதைச் சொல்ல எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

பின்னர் 2021 வந்தது.

அவ்வாண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலாற் தடைசெய்து, நாடு முழுவதும் உடனடியாக இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்றது. நாம் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரசாயன உரத்தின் தீமை பற்றி மேடைகளில் நாமும் பேசியவர்களே. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் அடியிலுள்ள நீரில் உரத்தின் நைத்திரேற்றுக் கலந்திருப்பதை மாணவருக்கு நாமே கற்பித்தோம். ஆகவே செய்தி கேட்ட முதல் நாள் எமக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. இரண்டாம் நாள் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மகிழ்ச்சி போய்விட்டது.

50 கிலோ யூரியாப் பையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. பச்சைச் சாணத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு நைதரசன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த 23 கிலோவைப் பெற 4,600 கிலோ சாணம் வேண்டும். நாளுக்கு 10 கிலோ சாணமிடும் பசுவுக்கு இது 460 நாள் வேலை. ஒரு பை யூரியாவுக்கு ஒரு பசுவின் ஒன்றேகால் ஆண்டு! அதுவும் அச்சாணம் முழுவதும் கொட்டிலிற் சேர்ந்து, வெயிலிலும் மழையிலும் சத்து இழக்காது இருந்தால். அத்தனை பசுக்கள் எங்கே? இருந்தால் அவற்றுக்குப் புல் எங்கே? இலட்சக்கணக்கான ஏக்கர் வயலுக்கு எருவை ஆணையிட்டு வரவழைக்க நினைத்தவர்கள், எரு எந்த வாசலால் வருகிறது என்பதைச் சிந்திக்கவில்லை. எரு பசுவின் வாயில் தொடங்குகிறது.

முடிவு யாவரும் அறிந்தது. அவ்வாண்டு நவெம்பரில் தடை நீங்கியது. ஆயினும் உரம் காலத்தில் வந்துசேரவில்லை. வந்த உரம் விலைக்கெட்டவில்லை. 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி நாடே வங்குரோத்தானது. பால்மாப் பெட்டிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். தன் பாற்தேவையில் அரைப்பங்கைக் கூட உள்நாட்டில் உற்பத்தி செய்யாத நாட்டின் பிள்ளைகள் வெறுந்தேநீரைக் குடித்துப் பாடசாலைக்கு வந்தார்கள். அதே ஆண்டு டிசெம்பரில், மன்டூஸ் சூறாவளியை ஒட்டி வீசிய குளிர்காற்றில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு இரவுகளில் விறைத்து மடிந்தன. குளிர் கொன்றது என்று பத்திரிகைகள் எழுதின. உண்மைதான். ஆனால் உடலின் சூடு உணவிலிருந்தே பிறக்கிறது. விலா எலும்பு தெரியும் மாட்டைக் குளிர் கொல்வது எளிது.

செய்யவேண்டியது என்ன? பெருந்திட்டங்களை நாம் அறியோம். எமது கையால் தொட்டறிந்ததை மட்டும் கூறுவோம்.

2014 ஒக்டோபரில் மழை தொடங்கியதும், அதிபரின் அனுமதியோடு, பாடசாலை வேலி நெடுகிலும் மாணவரைக் கொண்டு கிளிசரியாத் தடிகளை நட்டோம். சீமைக்கிளுவை என்றும் இதனைச் சொல்வார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். 2005இல் அரசாங்கம் இதனைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. தடியை ஊன்றினால் முளைக்கும். காற்றின் நைதரசனை வேர் முடிச்சுகளிற் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். இலையின் உலர்நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற் புரதம். வைக்கோலிற் குறைந்தது இதில் நிறைந்திருக்கிறது. இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை வெட்டி வந்தால் கோடையிலும் துளிர்க்கும்.

முதலிற் சனங்கள் நம்பவில்லை. “உந்த மணத்துக்கு மாடு கிட்டவும் வராது” என்றார்கள். மாடுகளும் அப்படியே முகத்தைத் திருப்பின. அரைநாள் வாடவிட்டு, வைக்கோலோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தபோது பழகிக்கொண்டன. இரண்டாம் ஆண்டிலே நான்கு வீட்டார் முறை வைத்து வெட்டினார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து உருவாக்கிய கோ-3 புல்லையும் கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் இடங்களில் நட்டுப் பார்த்தோம். நீர் உள்ள வீட்டில் அது நன்றாக வளர்ந்தது. நீர் இல்லாத வீட்டில் வைகாசியிற் காய்ந்தது. புல்லினத்தாலும் தீராத ஒன்று நீர் என்பதை அது எமக்குக் கற்பித்தது.

ஒரு பாடசாலை வேலி ஒரு கிராமத்தைக் காப்பாற்றிவிடாது. தனிமனிதர் வேலியில் நடும் தடி, பறிபோன மேய்ச்சல் தரைக்கு ஈடாகாது. மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, ஊராரின் பொதுச் சொத்தாக வர்த்தமானியிற் பதியவேண்டும். எரிக்கும் வைக்கோலைக் கட்டிச் சேமிக்கும் இயந்திரம் தனி முதலாளியிடம் அல்ல, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கவேண்டும். அச்சங்கத்தின் நிருவாகத்திற் புல்லறுக்கும் பெண்களே பெரும்பான்மையாக அமரவேண்டும். பசுவை வழங்குமுன் நீரையும் தீனியையும் கணக்கிடாத எந்த உதவியையும் ஊர் ஏற்கக்கூடாது. இவை பிச்சையல்ல, கோரிப் பெறவேண்டிய உரிமைகள். கோருவோரின் பக்கத்தில் ஆசிரியரும் மாணவரும் நிற்கவேண்டும்.

எமது மாணவனின் பசுவைப் பற்றிச் சொல்லி முடிக்கவேண்டும். கிளிசரியா துளிர்க்குமுன்னரே, அவ்வாண்டு கார்த்திகையில், அது அரைவிலைக்கு வியாபாரியிடம் போயிற்று. கடன் போகவில்லை, அதைத் தீர்க்க அந்தத் தாய் மேலும் இரண்டாண்டு கூலிவேலை செய்தார். பின்னர் உறவினர் ஒருவரிடம் வாரத்துக்கு ஒரு நாட்டுக்கன்றை வாங்கி வளர்த்தார். அது பசுவாகி நாளுக்கு 2 லீற்றர் கறக்கிறது. அதற்குமேல் அதனிடம் அவர் எதிர்பார்ப்பதில்லை. கிடைத்ததைத் தின்று அது நிற்கிறது.

மாணவன் இன்று அறுவடை இயந்திரச் சாரதி. சென்ற பெரும்போக அறுவடையின்போது வயலோரத்தில் எம்மைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தி இறங்கிவந்தான். வைக்கோலைச் சிதறாமல் வரிசையாக விழவிடும்படி தான் ஓட்டுவதாகவும், அதற்காக முதலாளி ஏசுவதாகவும் சொன்னான். “வைக்கல் கட்டிற மெஷின் ஒண்டு சங்கத்துக்கு எடுப்பிச்சுத் தாங்கோ சேர். நான் சம்பளம் இல்லாமலும் ஓட்டுவன்” என்றான். சம்பளத்தோடே ஓட்டவேண்டும் என்று நாம் சொன்னோம். சங்கத்தின் பெயரால் அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவனுடைய தாயும் அதிற் கையொப்பமிட்டிருக்கிறார்.

அந்த விண்ணப்பத்தை எழுதிய இரவு எமக்குப் பழைய வரவுப் பதிவேடு நினைவுக்கு வந்தது. அதிலுள்ள சிவப்புக் குறிகள் அப்படியே இருக்கும். அவற்றை அழிக்க வழியில்லை. இப்பொழுதும் எத்தனையோ பாடசாலைகளில், புல்விதை ஒட்டிய காற்சட்டையோடு ஒரு பிள்ளை பிந்திவந்து வாசலில் நின்றுகொண்டிருக்கும். இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம்.